எஞ்சின் இல்லாத விமானமும் எழுபது வயது விமானியும்

சித்திரை, வைகாசி மாதங்களில் உச்சிவெயில் நேரத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? எங்கோ உயரத்தில் ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருக்கும். இறக்கையை ஒரு முறைகூட அடிக்காது. ஆனாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாக மேலேறிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வெறும் புள்ளியாகத் தெரியும்.

அதற்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? வெயிலில் காய்ந்த தரையிலிருந்துதான். உழுதுபோட்ட கரிசல் நிலம், பாறைத் திட்டு, தார்ச்சாலை ஆகியவை சுற்றிலும் உள்ள பசுமையான பகுதியைவிட விரைவில் சூடேறுகின்றன. அவற்றின்மேல் உள்ள காற்றும் சூடாகி, அடர்த்தி குறைந்து, தூண் போல மேலே எழுகிறது. உண்மையில் பருந்து அந்தக் காற்றுக்குள் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அது இறங்கும் வேகத்தைவிடக் காற்று ஏறும் வேகம் அதிகம். மேலே போகும் நகரும் படிக்கட்டில் ஒருவர் மெதுவாகக் கீழ்நோக்கி நடந்தால் என்ன ஆகும்? நடப்பது கீழ்நோக்கி, போய்ச் சேர்வது மேல் மாடிக்கு. அதே கதைதான்.

இந்த வித்தையைப் பருந்திடம் கற்றுக்கொண்டு மனிதன் செய்த விமானம்தான் கிளைடர். அதில் எஞ்சின் கிடையாது. வேறொரு விமானம் கயிறு கட்டி இழுத்துச் சென்று மேலே விடும். அல்லது தரையில் உள்ள விசைப்பொறி நீண்ட கம்பிவடத்தைச் சுருட்டி, நாம் பட்டம் ஏற்றுவதுபோல் மேலே ஏற்றிவிடும். வடத்தை விட்டபின் விமானியும் காற்றும்தான்.

முதல் உலகப்போருக்குப் பிறகு செர்மனி விமானப்படை வைத்திருக்க வெர்சேல்ஸ் உடன்படிக்கை தடை விதித்தது. விமானங்கள் கட்டுவதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. அந்நாட்டு இளைஞர்கள் எஞ்சினை விட்டுவிட்டு இறக்கையில் கவனத்தைச் செலுத்தினார்கள். வாசர்குப்பே என்ற மலையில் 1920-இல் முதல் கிளைடர் போட்டி நடந்தது. நம் நாட்டிலும் 1950-களின் இறுதியிலிருந்து கிளைடர்கள் வடிவமைக்கப்பட்டன. அவற்றுக்கு அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி என்று நட்சத்திரங்களின் பெயரை வைத்தார்கள். யாருக்குத் தோன்றியதோ, அழகான எண்ணம்!

நல்ல கிளைடர் ஒன்று அசைவற்ற காற்றில் ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னே சென்றுவிடும். அதாவது ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் 40 கிலோமீட்டர் தூரத்துக்கு அது போகலாம். இடையில் எழுகாற்று கிடைத்தால் இன்னும் போகலாம். ஆன்ஸ் வெர்னர் குரோசே என்ற செர்மானியர் 1972 ஏப்ரல் 25 அன்று வடக்கே லூபெக் நகரில் கிளம்பி, பிரான்சின் தென்மேற்கு மூலையில் உள்ள பியாரிட்ஸ் நகரில் இறங்கினார். ஒரே பகலில் 1460 கிலோமீட்டர்! அப்போது அவருக்கு வயது 49.

ஆனால் இந்த விமானத்தில் ஒரு சங்கடம் உண்டு. சாதாரண விமானத்தில் இறங்கும்போது கணக்குத் தவறிவிட்டால் விமானி எஞ்சினை முடுக்கி மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி இறங்கலாம். கிளைடரில் அது முடியாது. தரையிறங்க ஒரே வாய்ப்புத்தான். எங்கே திரும்புவது, எப்போது இறக்கையில் உள்ள காற்றுத் தடுப்புகளைத் திறப்பது என்பதையெல்லாம் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் சரியாகத் தீர்மானித்தாக வேண்டும்.

அப்படித் தீர்மானிப்பவருக்கு எழுபது வயது ஆகியிருந்தால்? இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அதுதான்.

நாள்காட்டி சொல்லாத பதில்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிளைடர் சங்கம் ஒன்றுக்குப் போனால் நரைத்த தலைகளை நிறையப் பார்க்கலாம். அமெரிக்காவில் 14 வயதுச் சிறுவன் கிளைடரைத் தனியே ஓட்டலாம். உங்களில் பலருக்கு அந்த வயது ஆகியிருக்கும்! ஆனால் இத்தனை வயதோடு நிறுத்திவிட வேண்டும் என்ற மேல் எல்லை அங்கே கிடையாது. கிளைடர் விமானி மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற விதியும் இல்லை. தமக்குப் பறக்கத் தடையான நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று அவரே உறுதி கூறினால் போதும். ஐரோப்பாவில் மருத்துவச் சோதனை உண்டு. 40 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை.

பயணிகள் விமானத்தை ஓட்டுபவர் கதை வேறு. அமெரிக்காவில் அவர்களுக்கு 1960 முதல் 60 வயது எல்லையாக இருந்தது. 2007 டிசம்பரில் ஒரு சட்டம் அதை 65 ஆக உயர்த்தியது. அந்த விமானிக்கு எப்போது நிறுத்துவது என்பதை நாள்காட்டி சொல்லிவிடுகிறது. கிளைடர் விமானிக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை. அவரேதான் முடிவு செய்யவேண்டும்.

இதிலென்ன கஷ்டம், முடியாதபோது நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு அளவுகோல் எனக்குப் பாடம் சொல்லும் வரை.

அளவுகோல் சொன்ன செய்தி

நீங்களும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. 30 செ.மீ. அளவுகோலை நண்பர் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் கீழ்முனையில் உள்ள சுழிக்குறிக்கு இருபுறமும் உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் அளவுகோலை விட்டுவிடுவார். நீங்கள் பிடிக்கவேண்டும். எத்தனை செ.மீ. குறியில் பிடித்தீர்கள் என்று பாருங்கள். அந்தத் தூரத்தை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் உங்கள் கண் பார்த்ததற்கும் விரல் மூடியதற்கும் இடைப்பட்ட நேரம் வினாடியில் கிடைக்கும்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டினேன். மாணவர் ஒருவர் 16 செ.மீ.-இல் பிடித்தார்: 0.18 வினாடி. "நீங்களும் பிடியுங்கள் சார்" என்றார்கள். நாற்பதைத் தாண்டியவன் என்றாலும் இன்றும் பந்தாடுகிறவன் நான். இவர்களுக்குச் சளைத்தவன் அல்ல என்ற எண்ணம். பிடித்தேன். நான் 15 என்றேன். பக்கத்தில் நின்ற மாணவி குனிந்து பார்த்துவிட்டு, "22 சார்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 22 தான். அதாவது 0.21 வினாடி.

கை சற்றுத் தாமதமானது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. என் கண் அளவுகோலைத் தவறாகப் படித்தது. அதுவும் எனக்குச் சாதகமான பக்கம் தவறாகப் படித்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, அந்தத் தாமதத்துக்கு வானில் என்ன விலை? மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கிளைடர் ஒரு வினாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. 0.03 வினாடி தாமதம் என்றால் ஒரு மீட்டருக்கும் குறைவு. பூ, இவ்வளவுதானா! வயதானவர்க்குக் கை வேகம் குறைந்துவிடும், அதனால்தான் ஆபத்து என்று பலரும் சொல்லுகிறார்களே, அந்த வாதம் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது.

பன்னிரண்டரை வினாடிகள்

இரு கிளைடர்கள் நேருக்கு நேர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் வேகமும் மணிக்கு 100 கி.மீ. ஒன்றையொன்று நெருங்கும் வேகம் 200 கி.மீ.; அதாவது வினாடிக்கு சுமார் 56 மீட்டர்.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு விமானி தப்புவதற்கு எவ்வளவு நேரம் தேவை என்று அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அறிவுரைச் சுற்றறிக்கை ஒன்று கணக்குக் கொடுக்கிறது. பொருள் கண்ணில் படுவதற்கு 0.1 வினாடி. அது ஒரு விமானம் என்று அறிய 1 வினாடி. அது தம்மீது மோதும் பாதையில் வருகிறது என்று உணர 5 வினாடி. எந்தப் பக்கம் திரும்புவது என்று தீர்மானிக்க 4 வினாடி. கை கால் அசைய 0.4 வினாடி. விமானம் அதற்குக் கீழ்ப்படிய 2 வினாடி. கூட்டினால் 12.5 வினாடி.

பட்டியலை மறுபடி பாருங்கள். நம் அளவுகோல் சோதனை அளப்பது 0.1, 0.4 என்ற இரண்டு சிறு எண்களோடு சேர்ந்தது. பெரிய எண்கள் எவை? உணர்வதற்கு 5, தீர்மானிக்க 4. இவை நரம்பின் வேலை மட்டுமல்ல, மூளையின் வேலை. பல செய்திகள் ஒரே நேரத்தில் வந்து மோதும்போது அவற்றைப் பிரித்து முடிவெடுக்கும் வேகம் வயதாக ஆகக் குறைகிறது. 9 வினாடி 12 வினாடியானால் 56 மீட்டரை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். 168 மீட்டர்.

அந்த 5 வினாடி ஏன் இவ்வளவு பெரிது? காரணம் சுவையானது. மோதப்போகும் விமானம் உங்கள் கண்ணாடியில் நகர்வதே இல்லை! உங்களைக் கடந்து போகும் விமானம் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ நகர்ந்து தெரியும். இருவரும் நேர்கோட்டில், மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கிப் போனால், அவர் உங்களுக்குத் தெரியும் திசைக்கோணம் மாறாமலே இருக்கும். கண்ணாடியில் ஒட்டிய பூச்சி போல ஒரே இடத்தில் நிற்பார். கடைசிச் சில வினாடிகளில்தான் திடீரென்று பெரிதாவார். நம் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று கவனிக்கும்.

12.5 வினாடிக்கு முன் அவர் இருக்கும் தூரம் சுமார் 700 மீட்டர். முன்னிருந்து பார்த்தால் கிளைடரின் உடல் ஏறக்குறைய 60 செ.மீ. அகலம். 0.6-ஐ 700-ஆல் வகுத்துக் கோணமாக்கினால் சுமார் 3 நிமிடம் வரும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்ததில் மூன்று பங்கு. நல்ல கண் ஒரு நிமிடக் கோணம் வரை பிரித்தறியும். ஆக, இது நல்ல கண்ணுக்கே சிறிய பொருள். 2004-இல் சுவிட்சர்லாந்தில் ஃபிளார்ம் என்ற எச்சரிக்கைக் கருவி வந்தது. அருகில் அதே கருவி உள்ள கிளைடர் வந்தால் அது ஒலி எழுப்பும். பலர் உயிரைக் காக்கும் சாதனம் அது. இருந்தாலும் ஒலி வந்த திசையில் தேடிக் கண்டுபிடிப்பது கண்தானே?

கண்ணுக்கு வயதாகும் விதம்

பாட்டி ஊசியில் நூல் கோக்க உங்களைக் கூப்பிடுகிறாரா? அப்பா செய்தித்தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கிறாரா? இதை நம் ஊரில் வெள்ளெழுத்து என்று சொல்லுகிறோம். கண்ணின் வில்லை இளமையில் நெகிழ்ச்சியாக இருக்கிறது. அருகில் பார்க்கும்போது தசை சுருங்கி, வில்லை தடித்து, அதன் திறன் கூடுகிறது. வயதாக ஆக வில்லை விறைத்துவிடுகிறது. பத்து வயதில் ஏறக்குறைய 7 செ.மீ. தூரத்தில் உள்ள பொருளைத் தெளிவாகப் பார்க்கலாம். 40 வயதில் அந்தத் தூரம் 22 செ.மீ. ஆகிறது. 60 வயதில் ஒரு மீட்டர்! கிளைடரில் கருவிப்பலகை முகத்துக்கு முன்னால் ஒரு கை நீளத்தில் இருக்கிறது. கண்ணாடி அணிந்தால் இதைச் சமாளிக்கலாம். விமானிகள் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனால் கண்ணாடியால் தீராத குறை ஒன்று உண்டு. வயதானவர் கண்ணின் பாவை சிறுத்துவிடுகிறது. வில்லையும் சற்று மஞ்சள் பூத்துவிடுகிறது. 20 வயதுக்காரரின் விழித்திரையில் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரரின் விழித்திரையில் விழுகிறது. வெயில் கண்ணில் அடித்தபின் மேக நிழலுக்குள் நுழைந்தால் பார்வை தெளிய அவருக்கு அதிக நேரம் ஆகும். மேகத்தின் அடியில்தான் எழுகாற்று இருக்கும். மற்றக் கிளைடர்களும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

கழுத்தையும் மறக்கவேண்டாம். 45 பாகை சாய்ந்து வட்டமிடும் கிளைடரில், அந்தக் கோணத்தின் கொசைன் மதிப்பால் 1-ஐ வகுத்தால் கிடைக்கும் 1.41 மடங்காக எல்லாப் பொருள்களின் எடையும் கூடும். 70 கிலோ மனிதர் 99 கிலோ போல இருக்கையில் அழுந்துவார். அந்த நிலையில் தலையை மேலே நிமிர்த்தி, தோளுக்குப் பின்னால் திருப்பி, வட்டத்தின் மறுபுறம் யார் இருக்கிறார் என்று பார்க்கவேண்டும். இப்படி ஐந்து மணி நேரம் பறப்பது சாதாரணம். வயதானவர்க்குத் தாக உணர்ச்சியும் மந்தம். உடலில் நீர் வற்றினாலும் தாகம் எடுக்காது. நீர் குறைந்தால் முதலில் தளர்வது நிதானம்தான்.

வயது கொடுப்பவை

இவ்வளவும் படித்துவிட்டு, வயதானவர் எல்லாம் வீட்டில் இருப்பதே நல்லது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வயது எடுத்துக்கொள்வதோடு கொடுக்கவும் செய்கிறது.

1983 சூலை 23 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றுபோயிற்று. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், பிறகு சிரிக்கமாட்டீர்கள். எரிபொருளை லிட்டரிலிருந்து கிலோகிராமுக்கு மாற்ற, லிட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ என்ற எண்ணைப் பயன்படுத்தியிருக்கவேண்டும். பயன்படுத்தியது 1.77. அது பவுண்டுக்கான எண்! தேவையில் பாதிகூட நிரப்பாமல் கிளம்பிவிட்டார்கள். விடைத்தாளில் அலகு எழுதாமல் விட்டால் நான் மதிப்பெண் குறைக்கிறேன் என்று என் மாணவர்கள் முணுமுணுப்பதுண்டு. அவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லுவேன்.

69 பேருடன் அந்தப் பெரிய விமானம் ஒரு கிளைடராகிவிட்டது. நல்லவேளையாக 48 வயதான அதன் தலைமை விமானி பாப் பியர்சன் அனுபவமுள்ள கிளைடர் விமானி. கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானத் தளத்தை நோக்கி வந்தபோது உயரம் அதிகமாக இருந்தது. சுற்றி வரவோ வழியில்லை. அவர் விமானத்தைக் குறுக்காகத் திருப்பிச் சாய்த்து, காற்றின் எதிர்ப்பைக் கூட்டி, உயரத்தைக் குறைத்து இறக்கினார். இது கிளைடர் விமானிகளின் பழைய உத்தி. பயணிகள் விமானத்தில் யாரும் செய்வதில்லை. 69 பேரும் உயிர் பிழைத்தனர். நன்கு பழகிய கை, நெருக்கடியில் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. 12.5 வினாடிப் பட்டியலில் இருந்த அந்த 4 வினாடியை அனுபவம் சுருக்கிவிடுகிறது.

இன்னொருவர் ஐனார் எனவோல்ட்சன். நாசாவில் சோதனை விமானியாக இருந்தவர். மலைகளில் மோதும் காற்று அலைபோல எழும்பி அடுக்குவளி மண்டலம் வரை போவதைக் காட்டும் படம் ஒன்றை 1992-இல் செர்மனியில் பார்த்தார். அந்த அலையில் ஏறி கிளைடர் எவ்வளவு உயரம் போகலாம் என்ற எண்ணம் அன்று பிறந்தது. 2006 ஆகஸ்டில் அவரும் ஸ்டீவ் ஃபாசெட்டும் அர்ஜென்டினாவின் எல் கலாஃபாத்தே பகுதியில் ஆண்டீசு மலை அலைகளில் ஏறி 15,460 மீட்டர் உயரத்தைத் தொட்டனர். அங்கே காற்றழுத்தம் தரையில் உள்ளதில் ஒன்பதில் ஒரு பங்குதான். அழுத்த உடை உப்பிப் போய், அந்தக் குறுகிய அறையில் கை கால் அசைப்பதே கடினமாயிற்று. அதற்கு மேல் ஏறாமல் இறங்கிவிட்டனர். ஃபாசெட்டுக்கு அப்போது வயது 62. எனவோல்ட்சனுக்கு 74!

74 வயதில் உலக சாதனை செய்தவரிடம், 65 ஆயிற்று, போதும் என்று ஒரு சட்டம் சொல்லியிருந்தால் அது நியாயமாகுமா? அதே சமயம், 74 வயதான எல்லாருக்கும் அவரைக் காட்டிச் சமாதானம் சொல்லவும் கூடாது. இருவருக்கும் ஒரே எண்ணைக் கொடுப்பதுதான் நாள்காட்டியின் குறை.

தாடைகளை மூடிப் பார்த்தல்

ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? தாடைகளை மூடி, சுழிப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். ஏன்? அளவியில் 0.3 மி.மீ. பிழை இருந்தால், அதே அளவியால் பத்து முறை அளந்தாலும் பத்து முறையும் ஒரே தவறான விடை வரும். விடைகள் ஒத்துப்போகின்றன என்பதாலேயே அவை சரி என்று நம்பிவிடுவோம். சராசரி எடுத்தாலும் அந்தப் பிழை போகாது.

வயதான விமானியின் இக்கட்டு இதுவே. தம் திறமை குறைந்ததா என்று அவர் எதைக்கொண்டு அளக்கிறார்? தம் நிதானத்தைக்கொண்டு. ஆனால் அந்த நிதானத்துக்கும் அதே வயதுதான். நேற்றும் நன்றாக இறங்கினேன், போன வாரமும் நன்றாக இறங்கினேன் என்பது ஒரே அளவியால் எடுத்த பத்து அளவுகள். மேலும் காற்று அமைதியான நாளில் ஒழுங்காக இறங்கினால் அது அந்த நாளின் பெருமை. விமானியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. என்னுடைய 15 செ.மீ. நினைவிருக்கிறதல்லவா?

மாரடைப்பு போல் திடீரென வருவதை மருத்துவர் ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம். ஆண்டுக்கு நூலளவு குறைந்துகொண்டே போவதை இதயத்துடிப்பு வரைபடம் காட்டாது. அதற்கு இன்னொருவர் பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு விமானியும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு முறை பயிற்சியாளருடன் பறந்து காட்டவேண்டும். வயது 20 ஆனாலும் 80 ஆனாலும் விதி ஒன்றே. இதுதான் தாடைகளை மூடிப் பார்ப்பது.

நல்ல பயிற்சியாளர் அழகாகத் தரையிறங்குவதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடமாட்டார். எதிர்பாராததைச் செய்வார். கிளைடர் கம்பிவடத்தில் செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும்போது, வடம் அறுந்ததுபோல் அதைத் திடீரென விடுவித்துவிடுவார். கிளைடர் 45 பாகை நிமிர்ந்து நிற்கிறது, இழுவை இல்லை. புவியீர்ப்பின் கூறு அதை வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் வீதம் வேகம் குறையச் செய்யும். வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் இருந்தது ஒன்றரை வினாடியில் 20 மீட்டருக்கு வந்துவிடும். அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது. உடனே மூக்கைத் தாழ்த்தி, வேகம் திரும்பும் வரை காத்திருந்து, பிறகு நேரே இறங்குவதா திரும்பி வருவதா என்று முடிவெடுக்கவேண்டும். அடிக்கடி பழகியவர் கை இதைத் தானே செய்துவிடும். ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டும் வந்து பறக்கும் 40 வயதுக்காரரைவிட, வாரந்தோறும் பறக்கும் 70 வயதுக்காரரின் பின்னிருக்கையில் உட்காரவே நான் விரும்புவேன். ஆனால் அந்த 70 வயதுக்காரர் இந்தச் சோதனைக்கு உட்பட மறுப்பவராக இருந்தால், அவர் கிளைடரில் ஏறமாட்டேன்.

நிறுத்துவது என்பது விளக்கை அணைப்பதுபோல் ஒரே நாளில் நடக்கவேண்டியதில்லை. முதலில் போட்டிகளை விடலாம். பிறகு பயணிகளை ஏற்றிச் செல்வதை விடலாம். தம் உயிரைப் பற்றி முடிவு செய்ய உரிமை உண்டு, பின்னால் இருப்பவர் அந்த முடிவில் பங்குபெறவில்லை. பலத்த காற்று நாள்களை ஒதுக்கலாம். கடைசியில் இரட்டை இருக்கைக் கிளைடரில் இளையவர் ஒருவருடன் மட்டும் பறக்கலாம். இறங்கும்போது கைப்பிடி யாரிடம் என்பதை மேலே கிளம்புமுன்பே பேசிக்கொண்டால் போதும்.

இந்தப் படிகளை எப்போது எழுதி வைப்பது? 70-இல் அல்ல. 50-இல், அளவி இன்னும் சரியாக இருக்கும்போது. இன்ன தவறு இரண்டு முறை செய்தால் இந்தப் படிக்கு இறங்கிவிடுவேன் என்று எழுதி, நண்பர் ஒருவர் கையில் கொடுத்துவிடவேண்டும். அந்த நண்பர் ஒருநாள் அதை எடுத்து நீட்டும்போது கோபம் வரும். எனக்கு 22 என்று சொன்ன மாணவியின்மீது எனக்கே ஒரு கணம் வந்தது.

உங்கள் தாத்தா இன்னும் மொபெட் ஓட்டுகிறாரா? அளவுகோல் சோதனையை அவருடன் ஒரு விளையாட்டாகச் செய்து பாருங்கள். நீங்களும் பிடியுங்கள், அவரும் பிடிக்கட்டும். அதோடு நின்றுவிடாமல், அவர் அளவுகோலைப் பிடிக்கும்போதே ஏழாம் வாய்ப்பாட்டைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் அப்படியே சொல்லிக்கொண்டு பிடியுங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இருந்த 5-உம் 4-உம் என்ன என்பது அப்போது விளங்கும். தாத்தாவைத் தோற்கடித்துவிட்டதாக மட்டும் கொண்டாடவேண்டாம்.

எனவோல்ட்சனின் திட்டம் 2006-உடன் நின்றுவிடவில்லை. உடைக்குப் பதிலாக விமானியறைக்குள்ளேயே அழுத்தம் தரும் பெர்லான் 2 என்ற புதிய கிளைடர் கட்டப்பட்டது. 2018 செப்டம்பர் 2 அன்று அதே எல் கலாஃபாத்தே வானில் அது 23,200 மீட்டர் உயரத்தை எட்டியது. உள்ளே அமர்ந்திருந்தவர்கள் சிம் பெய்ன், டிம் கார்ட்னர் என்ற இருவர். எண்ணத்தை முதலில் கண்ட எனவோல்ட்சனுக்கு அப்போது வயது 86. 2021-இல், தம் 88-ஆம் வயதில் அவர் காலமானார்.